ஒரே கரை, பல பங்காளிகள்: காரைக்கால்–நாகைக் கடற்கரையில் வழிபாட்டுப் பகிர்வு நிலைத்த கதையும் அறுந்த கதையும்

காவிரி கடலைத் தொடும் கரையில், காரைக்காலை நடுவில் வைத்து நாற்பது கிலோமீட்டருக்குள் நான்கு பெரிய வழிபாட்டு ஊர்கள் இருக்கின்றன. மேற்கே சனி பகவானுக்குப் பெயர்பெற்ற திருநள்ளாறு. நடுவில் காரைக்கால் அம்மையாரின் ஊர். தெற்கே சில கிலோமீட்டரில் நாகூர் தர்கா. அதற்கும் தெற்கே, நாகப்பட்டினத்தைத் தாண்டினால், வேளாங்கண்ணி. ஒரே வேனில் வரும் ஒரு குடும்பம் காலையில் திருநள்ளாற்றின் நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, மதியம் நாகூரில் பாத்திஹா ஓதி, மாலையில் வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஊர் திரும்புவது இங்கே செய்தியே இல்லை.

இந்தக் காட்சியை 'மத நல்லிணக்கம்' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவதே நம் வழக்கம். பாராட்டு தவறில்லை. ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. ஒரு மதத்தின் தலத்துக்கு மற்ற மதத்தார் நூற்றாண்டுக் கணக்கில் வந்துகொண்டே இருப்பது எதனால்? சில தலங்களில் அந்த வரவு நின்றுபோனது எதனால்? வேறு சில இடங்களில் அதுவே வழக்காகவும் மோதலாகவும் மாறியது எப்படி? இந்தக் கரையில் ஆயிரம் ஆண்டு அனுபவம் கிடக்கிறது. அதை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: பகிர்வை இங்கே காத்து வந்தது நல்லெண்ணம் மட்டும் இல்லை. யாருக்கு எதில் பங்கு என்ற ஏற்பாடு அதைக் காத்தது. பங்கு உள்ளவர்கள் இருந்தவரை தலம் நின்றது. அவர்கள் இல்லாதபோது, எவ்வளவு உயரமான கோபுரமானாலும் விழுந்தது.

விகாரமும் பிடியானையும்

கரையின் பழைய சான்றுகளில் ஒன்று நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டின் மன்னன் மாறவிஜயோத்துங்க வர்மன் தன் தந்தை சூடாமணி வர்மனின் பெயரில் எழுப்பிய பௌத்தப் பள்ளி அது. தஞ்சையில் பெருவுடையாருக்குக் கோயில் எடுத்த அதே முதலாம் இராசராசன்தான் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கான தானமாக, கொடுத்தான். மகன் இராசேந்திரன் அதைச் செப்பேட்டில் நிலைப்படுத்தினான். 1090-ஆம் ஆண்டளவில் முதலாம் குலோத்துங்கன் மீண்டும் உறுதிசெய்தான். அந்த ஏடுகள் ஒல்லாந்தர் வழியாக நெதர்லாந்துக்குப் போனதால் 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்றன.

சைவ மன்னன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்தான் என்பது பாடநூல் வரை வந்துவிட்ட செய்தி. கொடுத்த முறை அதைவிடக் கவனிக்கத்தக்கது. அரசாணை வந்ததும் அதிகாரிகளும் நாட்டாரும் கூடுகிறார்கள். ஒரு பிடியானையை நடத்தி, அது சுற்றி வந்த வழியே எல்லையாகக் கல்லும் கள்ளியும் நாட்டுகிறார்கள். சுற்றுவட்டத்து ஊர்களின் சார்பாளர்கள், பிராமணருக்குத் தானமான பிரமதேய ஊரார் உட்பட, உடன் நின்று கையெழுத்திடுகிறார்கள். தானம் மன்னனுடையதுதான். ஆனால் அது செல்லுபடியாவது பக்கத்து ஊர்க்காரர்களின் சாட்சியால். புத்தரை வணங்காத ஊர்கள் புத்தரின் நிலத்துக்கு எல்லைச் சாட்சியாக நின்றன. பகிர்வின் முதல் வடிவம் இது: ஒரே கடவுளைக் கும்பிடாவிட்டாலும், ஒருவர் கும்பிடும் உரிமைக்கு மற்றவர் பொறுப்பேற்பது.

இந்தப் பொறுப்பு காலத்தோடு தேய்ந்தது. ஸ்ரீவிஜயக் கப்பல்கள் நின்றன, சோழர் ஆட்சி முடிந்தது, துறவிகள் குறைந்தார்கள். பர்மாவின் பெகு நாட்டுக் கல்யாணிக் கல்வெட்டு, 1476-இல், நாகப்பட்டினத்தில் ஒரு பழைய மடத்தின் இடத்தைப் பெகுத் துறவிகள் வந்து பார்த்ததைச் சொல்கிறது. அதற்குப் பின் எஞ்சியது ஒரு செங்கல் கோபுரம். 'புதுவெளிக் கோபுரம்' என்று அழைக்கப்பட்ட அது கப்பலோட்டிகளுக்குக் கரையடையாளமாக இருந்தது. 1867-இல் சென்னை அரசின் இசைவோடு சேசு சபையார் அதை இடித்தார்கள். 1856 முதல் 1930-கள் வரை அந்த வட்டாரத்தில் மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. சென்னை அருங்காட்சியகத்துக்காக டி. என். இராமச்சந்திரன் 1954-இல் எழுதிய நூல் அவற்றை விரிவாக ஆராய்ந்தது.

கோபுரம் இடிக்கப்பட்டபோது அதைக் காக்க ஊர் திரண்டு நிற்கவில்லை. ஊருக்கு அதன்மேல் பகை இருந்ததாலா? அப்படித் தெரியவில்லை. அதில் யாருக்கும் எந்தப் பங்கும் மிஞ்சவில்லை என்பதே என் கணிப்பு. விளக்கேற்றும் முறை யாருக்கும் இல்லை, நேர்ந்துகொள்ள ஒரு தெய்வம் இல்லை, திருநாள் இல்லை, கடை போடும் வியாபாரி இல்லை. வழிபடுவோர் அற்ற கட்டடத்துக்குச் சாட்சி சொல்லவும் ஆள் இருப்பதில்லை.

நாகூர்: எல்லோருக்கும் ஒரு பங்கு

அதே கரையில், சில கிலோமீட்டர் வடக்கே, நேர்மாறான கதை. வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து 16-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்தவர் ஷாகுல் ஹமீது. பக்தர்கள் வாயில் அவர் 'நாகூர் ஆண்டவர்', 'எஜமான்', 'பாதுஷா நாயகம்'. தஞ்சை நாயக்க மன்னர் தீராத நோயில் கிடந்தபோது, ஊசிகள் குத்தப்பட்ட ஒரு புறாவைக் கண்டெடுத்து, ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி மன்னரைக் குணமாக்கினார் என்பது தர்கா மரபு. அந்த நினைவில்தான் இன்றும் நேர்ச்சைக்காரர்கள் அங்கே புறா விடுகிறார்கள். அவர் தவமிருந்த இடமாகச் சொல்லப்படும் வாஞ்சூர் நாகூருக்கு வடக்கே, புதுச்சேரி ஒன்றியப் பகுதியும் தமிழ்நாடும் சந்திக்கும் எல்லையோரத்தில் இருக்கிறது. இந்த நினைவுக்கு மாநில எல்லை பொருட்டில்லை.

தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். பிள்ளைவரம் கிடைத்த நன்றிக்காக என்று சொல்வார்கள். அவர் அரியணை ஏறிய 1739-ஆம் ஆண்டில்தான் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டுகளில் பல கிராமங்களை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்த அதே மன்னர், கடற்கரையில் ஒரு முஸ்லிம் இறைநேசருக்குக் கோபுரம் எழுப்பினார். பக்தி அதில் உண்மையாகவே இருந்திருக்கும். அதோடு, கடல் வணிகம் செய்த மரைக்காயர்களும் மீனவர்களும் கூடும் இடத்தில் அரசனுக்கும் ஒரு பங்கு இருப்பது ஆட்சிக்குத் தேவையாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. இந்தக் கரையில் அவை சேர்ந்தே நடந்தன.

தர்காவின் உள்ளே நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் பகிர்வின் உறுப்புகள் புலப்படும். மொட்டை போடுகிறார்கள். நோய் தீர்ந்த உறுப்பின் உருவைத் தகட்டில் வாங்கிச் செலுத்துகிறார்கள்: கை, கால், கண், குழந்தை; வீடு கட்ட நினைப்பவர் வீட்டுத் தகடு, கடலுக்குப் போகிறவர் கப்பல் தகடு. மல்லிகைச் சரமும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போய்ப் பாத்திஹா ஓதச் சொல்கிறார்கள். மயிலிறகால் தலையில் தடவி வாழ்த்து வாங்குகிறார்கள். இவற்றில் எதற்கும் வந்தவர் கலிமா சொல்ல வேண்டியதில்லை; தன் குலதெய்வத்தை விட வேண்டியதும் இல்லை. பள்ளிவாசல் தொழுகை தனி, அது தொழுகிறவர்களுக்கு. சமாதியைச் சுற்றிய நேர்ச்சை எல்லோருக்கும்.

இந்த இரண்டடுக்கு அமைப்பைத்தான் கரையின் எல்லாத் தலங்களிலும் காண்கிறோம். ஒவ்வொரு மதமும் தன் உள்வட்டத்தைத் தனக்கென வைத்துக்கொள்கிறது. நேர்த்திக்கடன் என்ற வெளிவட்டத்தைத் திறந்துவிடுகிறது. நோய், பிள்ளையின்மை, கடன், கடற்பயணம் என்று மனிதரை அலைக்கழிக்கும் துயரங்களுக்கு மதம் கிடையாது. அந்த வெளிவட்டம் அவற்றுக்காகவே இருக்கிறது.

ஜமாதுல் ஆகிர் மாதத்தில் பதினான்கு நாள் நடக்கும் கந்தூரி விழாவில் இந்த வெளிவட்டம் தெருவுக்கு வருகிறது. கொடி நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு நாகூர் வரும். பத்தாம் இரவு சந்தனக்கூடும் அப்படியே வந்து, விடியும்முன் சமாதிக்குச் சந்தனம் பூசப்படும். தமிழ்நாடு அரசு அதற்குச் சந்தனக் கட்டைகள் தருகிறது. ஆண்டவரின் வரலாற்றைத் தமிழில் சொன்ன பழைய நூல்களில் ஒன்று 'திருக்காரணப் புராணம்'. பாடியவர் காயல்பட்டினத்துச் சேகனாப் புலவர். பின்னர் நாகூர் குலாம் காதிறு நாவலர் 'கன்ஜுல் கறாமத்து' என்று உரைநடையில் எழுதினார். இறைநேசரின் கதை புராணமாகவே தமிழில் நுழைந்தது. கேட்டவர்களுக்கு அந்த வடிவம் முன்பே பழக்கம்.

இந்தப் பகிர்வு கப்பலேறியும் போனது. பினாங்கில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828–1830-இலும், இலங்கையின் கல்முனைக் கடற்கரையிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் நினைவிடங்கள் எழுந்தன.

வேளாங்கண்ணியும் காரைக்காலும்

வேளாங்கண்ணியின் கதைகள் மூன்று. குளக்கரையில் பால் கொண்டுபோன சிறுவனிடம் மாதா குழந்தைக்குப் பால் கேட்டது. நடுத்திட்டில் மோர் விற்ற முடச் சிறுவனை நடக்க வைத்தது. புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகளைக் கரை சேர்த்தது. முதல் இரண்டும் மண்ணின் கதைகள். மூன்றாவது கடலின் கதை. ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும் திருவிழாவுக்குக் காவி உடுத்தி, விரதமிருந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். மொட்டை, தொட்டில் கட்டுதல், மாதாவுக்குப் பட்டுப்புடவை எல்லாம் இங்கும் உண்டு. திருப்பலியில் நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டும். உள்வட்டமும் வெளிவட்டமும் இங்கும் அதேபோல. 1962-இல் இதைப் பேராலய நிலைக்கு உயர்த்தியபோதும் ரோம் இந்த வெளிவட்டத்தை மூடச் சொல்லவில்லை.

காரைக்கால் நகருக்குள் இந்த அமைப்பு சிறிய அளவில், நடந்தே பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அம்மையார் கோயில், மஸ்தான் சாஹிப் தர்கா, தேற்றரவு அன்னை ஆலயம் மூன்றுக்கும் தனித்தனித் திருநாள். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவில் பிச்சாடனர் வீதியுலா வர, வீட்டு மாடிகளிலிருந்து பக்தர்கள் மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். பிள்ளைப்பேறு வேண்டுவோர் கீழே மடியேந்தி நிற்பார்கள். மாசி மகத்தன்று தமிழ்நாட்டுத் திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் எல்லை தாண்டித் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு வருகிறார். அங்கே மீனவர்கள் அவரைத் தங்கள் ஊர் மாப்பிள்ளையாக வரவேற்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சி, 1954 இணைப்பு, 1962 சட்டப்படியான கையளிப்பு எல்லாவற்றையும் கடந்து இந்த வழித்தடங்கள் நிலைத்திருக்கின்றன.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. இந்தத் திருநாள்கள் வெவ்வேறு நாட்காட்டிகளில் ஓடுகின்றன. மாங்கனி ஆனிப் பௌர்ணமியைப் பின்பற்றுகிறது. கந்தூரி ஹிஜ்ரி ஆண்டின்படி ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. வேளாங்கண்ணி ஆங்கில மாதத் தேதியில் நிற்கிறது. சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஒரே தெருவுக்கு ஒரே நாளில் இரு ஊர்வலங்கள் போட்டியிடும் நிலை எப்போதாவதுதான் எழும். பூக்காரர், வேன்காரர், பொரிகடலைக்காரர், விடுதிக்காரர் அனைவருக்கும் நான்கு பருவமும் வேண்டும். ஒரு தலத்தின் கூட்டம் குறைந்தால் மற்ற மதத்து வியாபாரியின் அடுப்பும் தணியும். பங்கு என்பதில் இதுவும் அடங்கும்.

இந்தக் கரையை மோதலே அறியாத மண் என்று சொல்லிவிடவும் கூடாது. திருநள்ளாற்றின் மீது ஞானசம்பந்தர் பாடிய பதிகத்தின் பெருமையே, மதுரையில் சமணரோடு நடந்த அனல்வாதத்தில் அது வேகாமல் பச்சையாக நின்றது என்பதுதான். அதனால் அது 'பச்சைப் பதிகம்'. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியின் வேதபுரீசுவரர் கோயில் 1748-இல் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் வேதனையோடு பதிந்திருக்கிறார். வாதும் இடிப்பும் நம் வரலாற்றில் உண்டு. அவற்றுக்கு நடுவேதான் பகிர்வு வளர்ந்தது.

அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியில் ஆய்வுலகம் இரு பக்கமாக நிற்கிறது. சூசன் பெய்லி 1989-இல் வெளிவந்த தன் நூலில், தென்னிந்தியாவில் இந்து, முஸ்லிம், கிறித்தவ வழிபாடுகள் பொதுவான ஒரு புனித நிலப்பரப்பில், ஒன்றின் மொழியை மற்றொன்று பேசியபடி வளர்ந்தன என்று காட்டினார். வசுதா நாராயணன் நாகூரை ஆராய்ந்து, தமிழ் முஸ்லிம் பக்தி இலக்கியம் இந்த மண்ணின் இயல்பான வளர்ச்சி என்று நிறுவினார். மறுபக்கம், ராபர்ட் ஹேடன் 2002-இல் ஒரு கடுமையான கேள்வியை எழுப்பினார். மகாராட்டிரத்து மடி என்ற தலத்தையும் பால்கன் நாடுகளையும் ஒப்பிட்டு, பகிர்ந்த தலங்களில் நாம் காணும் சகிப்பு பெரும்பாலும் ஏற்பு இல்லை, யாரும் யாரையும் வெல்ல முடியாததால் வரும் பொறுத்துக்கொள்ளல் என்றார். பலம் ஒரு பக்கம் சாய்ந்தால் பகிர்வும் உடையும் என்பது அவர் வாதம்.

அவர் சொன்னதற்குச் சான்று கண்முன்னே இருக்கிறது. கருநாடகத்தின் பாபாபுடன்கிரியில் ஒரே குகையை முஸ்லிம்கள் பாபா புடனின் இடமாகவும் இந்துக்கள் தத்தாத்ரேயர் பீடமாகவும் வழிபட்டு வந்தார்கள். வழக்கு மூண்டது தர்கா வழிபாட்டை நடத்தும் முஜாவர் நடத்துவதா, அர்ச்சகர் நடத்துவதா என்ற கேள்வியில். அதாவது வெளிவட்டத்தில் நூற்றாண்டுகள் நிலவிய பகிர்வு, உள்வட்டத்தின் உரிமை யாருக்கு என்று கேட்ட நாளில் சண்டையானது. இலங்கையின் கதிர்காமத்தில் தமிழரின் முருகனும் சிங்களரின் கதரகம தெய்யோவும் ஒன்றாக வணங்கப்பட்டார்கள். பள்ளிவாசலும் அதே வளாகத்தில் உண்டு. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் தீமிதியின் தலைமை தமிழரிடமிருந்து சிங்களரிடம் கைமாறியதைக் கணநாத் ஒபேசேகர விரிவாக எழுதினார். கூட்டம் கலந்தே வந்தது, பங்குகள் கைமாறின.

ஹேடன் சொன்னது பாதி உண்மை என்பேன். பலத்தின் சமநிலை முக்கியம்தான். ஆனால் நாகூரில் முஸ்லிம்களை இந்துக்களால் வெல்ல முடியவில்லை என்பதற்காக அவர்கள் அங்கே தலைமுடி இறக்குவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் தீர்ந்ததற்காக இறக்குகிறார்கள். அந்த நன்றியுணர்வு எந்தப் பலக் கணக்கிலும் அடங்காது. பெய்லி காட்டிய பொது நிலப்பரப்பும் உண்மை. ஆனால் அது தானாக நிற்பதில்லை. வழிவழி முறைகள், தானங்கள், வழித்தடங்கள், பிழைப்புகள் என்ற கால்களில் அது நிற்கிறது. காலைத் தட்டிவிட்டால் விகாரத்துக்கு நேர்ந்தது எதற்கும் நேரும்.

இன்றைய நெருக்கடி

இன்று அழுத்தம் ஒவ்வொரு மதத்தின் உள்ளிருந்தும் வருகிறது. 1980-களிலிருந்து தமிழகத்தில் வளர்ந்த தவ்ஹீத் இயக்கங்கள் சமாதி வழிபாட்டையே மார்க்கத்துக்கு விரோதம் என்கின்றன. இந்துக்கள் தர்காவுக்குப் போவதைக் கண்டிக்கும் குரல்கள் இந்து அமைப்புகளில் உயர்ந்திருக்கின்றன. கிறித்தவத்தில் பெந்தெகொஸ்து சபைகள் மாதா வணக்கத்தை ஏற்பதில்லை. மூன்று தரப்பும் தங்கள் நம்பிக்கையைத் தூய்மைப்படுத்துவதாகவே நினைக்கின்றன. அவரவர் மார்க்கத்தை அவரவர் விளக்கும் உரிமையை மறுக்க முடியாது. ஆனால் மூன்றும் சேர்ந்து அழிப்பது அந்த வெளிவட்டத்தை, அதாவது துயரத்தோடு வரும் அயலாருக்குத் திறந்திருக்கும் வாசலை.

சட்டமும் இதற்கு முழுத் துணை ஆகாது. 1947 ஆகஸ்ட் 15 அன்று இருந்த மதத் தன்மை மாறக்கூடாது என்கிற 1991-ஆம் ஆண்டு வழிபாட்டுத் தலங்கள் சட்டம் அவசியமானது. அது கைப்பற்றலைத் தடுக்கும். ஆனால் ஒரு தலத்துக்கு ஒரு மதத் தன்மை என்ற கணக்கில்தான் அது யோசிக்கிறது. நாகூரில் ஓர் இந்துவுக்கு இருக்கும் நேர்ச்சை உறவை எந்தப் பத்திரமும் பதிவதில்லை. நிர்வாகமும் துண்டுபட்டிருக்கிறது. காரைக்கால் கோயில்கள் புதுச்சேரியின் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருகின்றன. நாகூரும் வேளாங்கண்ணியும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. யாத்திரிகர் ஒரே கரையில் நடக்கிறார், அலுவலகங்கள் இரண்டு அரசுகளில் இருக்கின்றன.

2004 டிசம்பர் 26 இந்தக் கரைக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் காரைக்கால் மீனவக் குடும்பங்களும் அலையில் போனார்கள். அந்த நாள்களில் கோயில், தர்கா, ஆலயம் எல்லாம் அடைக்கலமாயின. சாதி மதம் பாராமல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. ஆபத்தில் யாரிடம் ஓட வேண்டும் என்று கரைக்குத் தெரிந்திருந்தது. திருநாள்தோறும் பழகிய வாசல்கள் என்பதால் தெரிந்திருந்தது.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் பங்குகளைப் பதிவுசெய்ய வேண்டும். எந்தக் கந்தூரியில் எந்தக் குடும்பம் எதைக் கொண்டுவருகிறது, எந்த ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகிறது, எந்தத் தலத்துக்கு எந்தச் சமூகம் என்ன நேர்கிறது என்பதை வாய்மொழியாகவும் ஆவணமாகவும் இரண்டு அரசுகளும் சேர்ந்து திரட்டலாம். கல்லூரி மாணவர்களே செய்யக்கூடிய வேலை இது. நாளை ஒருவர் வந்து 'இது உங்களுடையது இல்லை' என்று சொல்லும்போது, ஊரிடம் ஏடு இருக்க வேண்டும். ஆனைமங்கலத்தின் எல்லை ஆயிரம் ஆண்டு கழித்தும் நமக்குத் தெரிவது, அன்றைக்கு எழுதி வைத்ததால்தான்.

இரண்டாவது, சுற்றுலாத் திட்டங்கள் வெளிவட்டத்தைத் துடைத்தெறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் பிரசாத் திட்டத்தில் வேளாங்கண்ணி சேர்க்கப்பட்டிருக்கிறது. திருநள்ளாற்றிலும் பணிகள் நடந்திருக்கின்றன. கழிப்பறையும் தங்குமிடமும் கட்டாயம் வேண்டும். ஆனால் தகடு விற்கும் கடையும், முடி இறக்கும் கொட்டகையும், பூக்காரர் வரிசையும் அப்புறப்படுத்தப்பட்டால் அந்த வளாகம் பளபளக்கும். அதில் அயலாரின் பங்கு குறைந்துவிடும்.

மூன்றாவது, இமாம்களும் குருக்களும் அருட்தந்தையரும் தங்கள் மக்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. உள்வட்டத்தின் தூய்மையைக் காப்பது அவர்கள் கடமை. வெளிவட்டத்தின் வாசலைத் திறந்து வைப்பதும் அவர்கள் கடமைதான். இரண்டுக்கும் இடையே பகை இல்லை என்பதை நாகூரும் வேளாங்கண்ணியும் நூற்றாண்டுகளாக நடத்திக் காட்டியிருக்கின்றன.

பகிர்வை வாழ்த்துவதற்கு மேடைகள் ஏராளமாக இருக்கின்றன. அதற்குச் சாட்சியாகக் கையெழுத்திடப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் வேண்டும். இந்தக் கரையில் பிறந்த ஒவ்வொருவரும், தான் கும்பிடாத தெய்வத்தின் வாசலுக்கும் அப்படியொரு சாட்சியாக நிற்கக் கடமைப்பட்டவர் என்றே நான் நம்புகிறேன்.